கடையில் கிடைக்கும் பொருளை எதற்குச் செய்ய வேண்டும்?

நண்பர்களே, நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் மட்டும் படிக்கவும். குறிப்பாக, பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்களும், இன்னும் பணியில் இருக்கும் என் சக ஆசிரியர்களும் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டவும்.

ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கன்னிவாடிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கு எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக் கொடுக்கிறேன். கட்டணம் கிடையாது. சால்டரிங் வைக்கிறோம், ஒயர் உரிக்கிறோம், புகை வந்தால் சிரிக்கிறோம். ஒரு வருஷமாக நாங்கள் செய்துகொண்டிருப்பது மிடி கன்ட்ரோலர். டீக்கடையில், பேருந்து நிறுத்தத்தில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் ஒரே கேள்விதான்: “சார், அதுதான் ஆன்லைன்ல நாலாயிரம் ரூபாய்க்குக் கிடைக்குதே. பிள்ளைங்க நேரத்தை ஏன் வீணாக்குறீங்க?”

கேட்பவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் இந்தக் கேள்வி நல்ல கேள்வி இல்லை. நம் பிள்ளைகளை வெறும் வாங்குகிறவர்களாகவே வைத்திருப்பது இந்தக் கேள்விதான். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பொருள் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மிடி என்றதும் சிலருக்குப் பாவாடை ஞாபகம் வரும். தமிழாசிரியர்களுக்கு வறுமை ஞாபகம் வரும்; பழைய தமிழில் மிடி என்றால் வறுமைதான். இது வேறு. மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மொழிக்குப் பெயர் மிடி. மிடி கன்ட்ரோலர் என்பது தானாகச் சத்தம் போடாத ஒரு கருவி. நீங்கள் அழுத்துவதை, தட்டுவதை, திருகுவதை எண்ணாக மாற்றி அனுப்பும். கம்ப்யூட்டரோ செல்போனோ அந்த எண்ணை வாங்கிச் சத்தமாக்கும். உதாரணமாக 144, 60, 100 என்று மூன்று எண்கள் போனால், முதல் சேனலில் நடு ‘சி’ சுரத்தை 100 என்ற வேகத்தில் அழுத்தியாகிவிட்டது என்று பொருள். அவ்வளவுதான் ரகசியம்.

இந்த மூன்று எண்களில் எவ்வளவு பாடம் இருக்கிறது என்று பாருங்கள். பழைய ஐந்து முள் மிடி கேபிளில் ஒரு நொடிக்கு 31,250 பிட் ஓடும். ஒரு பைட்டுக்குத் தொடக்க பிட், முடிவு பிட் சேர்த்து 10 பிட். மூன்று பைட்டுக்கு 30 பிட். அப்படியானால் ஒரு சுரம் கேபிளைக் கடக்க எவ்வளவு நேரம்? எட்டாம் வகுப்புப் பையன் சிலேட்டில் வகுத்துச் சொன்னான்: ஏறக்குறைய ஒரு மில்லி நொடி. “சார், அப்போ பத்து விரலையும் ஒரே நேரத்துல அழுத்தினா, பத்தாவது சுரம் பத்து மில்லி நொடி லேட்டா வருமா?” என்று கேட்டான். முப்பது வருஷ சர்வீஸில் வகுத்தல் கணக்குக்குப் பின்னால் இப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதில்லை. நாலாயிரம் ரூபாய் கொடுத்துப் பெட்டியைப் பிரித்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்குமா?

ஒரு பொத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை அழுத்தினால் ஒரு முறைதான் சத்தம் வர வேண்டும். ஆனால் உள்ளே இருக்கும் உலோகத் தகடு சில மில்லி நொடிகள் துள்ளித் துள்ளித்தான் அடங்கும். எலக்ட்ரானிக்ஸுக்கு அந்தத் துள்ளல் எல்லாம் தனித்தனி அழுத்தமாகத் தெரியும். ஒரு தட்டுக்கு நாலு சுரம் பாயும். பிள்ளைகள் முதலில் பொத்தான் கெட்டுவிட்டது என்றார்கள். கெடவில்லை, உலகம் அப்படித்தான் இருக்கிறது என்று புரிய ஒரு ஞாயிறு ஆனது. பிறகு கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி பார் என்று நிரலில் எழுதச் சொன்னேன். பாடப்புத்தகத்தில் சுவிட்ச் என்றால் திறந்தது, மூடியது என்று இரண்டே நிலைதான். உண்மையான சுவிட்ச் கையில் வந்த பிறகுதான் மூன்றாவது நிலை ஒன்று இருப்பது தெரிகிறது.

திருகும் குமிழ் என்றால் மின்னழுத்தப் பகிர்வு. பத்தாயிரம் ஓம் பொட்டன்ஷியோமீட்டரின் நடுக்காலில் வரும் வோல்டேஜை போர்டு 0 முதல் 1023 வரை எண்ணாக்கும். மிடிக்கு 0 முதல் 127 வரைதான் வேண்டும். எட்டால் வகுத்தால் சரியாகிவிடும். தட்டும் வாத்தியம் என்றால் பீசோ தகடு. படிகத்தை அழுத்தினால் மின்சாரம் வரும் என்று 1880-ல் கியூரி சகோதரர்கள் கண்டது இன்றைக்குப் பத்துப் பதினைந்து ரூபாய்க்குக் கடையில் கிடைக்கிறது. பழைய சைக்கிள் டியூப் துண்டின் அடியில் அதை ஒட்டித் தட்டினால் பறை, தவில் எதுவும் ஆகும். மெதுவாகத் தட்டினால் சின்ன எண், ஓங்கித் தட்டினால் பெரிய எண்.

செலவைப் பற்றிப் பேசுபவர்களுக்கு: புரோ மைக்ரோ என்ற சின்ன போர்டு ஒன்று எங்களுக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல் கொஞ்சம் ஆனது. மற்றதெல்லாம் மதுரையிலும் சென்னை ரிச்சி தெருவிலும் வாங்கிய சில்லறைப் பொருட்கள், உடைந்த ரேடியோ, மோட்டார் காயில் கட்டும் கடையில் இரந்து வாங்கிய செம்புக் கம்பி. ஒன்று கவனியுங்கள். கிட்டில் பெரும்பாலும் வரும் ஆர்டுயினோ ஊனோ இதற்கு நேரடியாக உதவாது. லியோனார்டோ, புரோ மைக்ரோ போன்றவற்றில் உள்ள 32யு4 சிப்தான் யுஎஸ்பி வழியே தன்னை மிடி கருவி என்று சொல்லிக்கொள்ளும். கம்ப்யூட்டர்கூட வேண்டாம். 2015-ல் வந்த ஆறாம் ஆண்ட்ராய்டு முதல் செல்போனிலேயே யுஎஸ்பி மிடி இருக்கிறது. ஒரு ஓடிஜி ஒயரும் இலவச ஆப் ஒன்றும் போதும். விலை குறைந்த போனில் சத்தம் கொஞ்சம் தாமதமாக வரும், அது மெய்தான். கடைக் கருவி எங்கள் அட்டைப் பெட்டிக் கருவியைவிட உறுதியாக இருக்கும், அதுவும் மெய்தான். அதை நான் மறுக்கவே இல்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கடையில் கிடைக்கிறதே என்கிறீர்களே, என்ன கிடைக்கிறது?

கருப்பும் வெள்ளையுமாக ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டை. அவ்வளவுதான். அது பியானோவின் கை. ஐரோப்பாவில் பிறந்த அமைப்பு. அதில் சரளி வரிசை வாசிக்கலாம், சினிமாப் பாட்டு வாசிக்கலாம். தோடியின் காந்தாரத்தை வாசிக்க முடியுமா? அந்தக் காந்தாரம் ஒரு கட்டையில் உட்கார்ந்திருக்காது, ஆடிக்கொண்டே இருக்கும். ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்காகவே கச்சேரிக்குப் போனவர்கள் உண்டு. ஏழு விரல் துளைதான் நாதஸ்வரத்தில். ஆனால் துளையைப் பாதி மூடி, கால்வாசி மூடி, மூச்சைக் கூட்டிக் குறைத்து, இரண்டு சுரத்துக்கு நடுவே இருக்கும் வெளி முழுவதையும் அவர்கள் ஆண்டார்கள்.

இந்தச் சண்டை புதிதில்லை. ஹார்மோனியத்தால் கமகம் தர முடியாது என்று சொல்லி 1940-ல் அகில இந்திய வானொலி அதைத் தடை செய்தது. தடை நீங்கியது 1971-ல்தான். அந்தத் தடையை நான் ஆதரிக்கவில்லை. ஹார்மோனியம் இல்லாமல் நம்ம ஊர் நாடகம் ஏது, பஜனை ஏது? ஆனால் குறை சொன்னவர்கள் தொட்ட இடம் சரியான இடம். கருவியின் வடிவம் இசையின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது.

பலரும் தவறாக நினைப்பது இங்கேதான். பன்னிரண்டு சுரம் என்பது மிடியின் எல்லை என்று நினைக்கிறார்கள். இல்லை. மிடியில் பிட்ச் பெண்ட் என்று ஒரு செய்தி உண்டு. அதில் 16,384 படிகள். வழக்கமாக மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் வரை வளைக்கும். அதாவது ஒரு கட்டைக்கும் பக்கத்துக் கட்டைக்கும் நடுவே 4,096 படிகள் இருக்கின்றன. கமகத்துக்கு இது போதாதா? தாராளமாகப் போதும். அந்த 4,096 படிகளுக்கும் போக விரலுக்கு வழி வேண்டும். கடைக் கருவியில் அதற்கு இருப்பது இடது ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம், அல்லது இரண்டு பொத்தான்! மொழியில் வழி இருக்கிறது, வாசலைத்தான் அடைத்து வைத்திருக்கிறார்கள். அந்த வாசலை நமக்காக எந்தக் கம்பெனியும் வந்து திறக்காது. கன்னிவாடியில் நாதஸ்வரம் வாசிக்கும் குடும்பத்துப் பிள்ளை அவர்கள் கணக்கில் ஒரு வாடிக்கையாளரே இல்லை.

நம் முன்னோர் என்ன செய்தார்கள்? வெள்ளைக்காரனிடமிருந்து வயலின் வந்தது. பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்றார். நம்மவர்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதன் தலையைக் காலில் சாய்த்தார்கள். தந்தியின் சுருதியை மாற்றினார்கள். கை தாராளமாக வழுக்கிப் போக வழி கிடைத்தது. மாண்டலின் சீனிவாஸ் இரட்டை இரட்டையாக இருந்த எட்டுத் தந்தியை எடுத்துவிட்டு ஐந்து ஒற்றைத் தந்தி போட்டு மின்சாரத்தில் வாசித்தார். வந்த கருவியை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டவர்கள் இல்லை அவர்கள். பிரித்தார்கள், மாற்றினார்கள், தமக்கு ஆக்கிக்கொண்டார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். இதையெல்லாம் கண்டுபிடித்தவர்கள் யார்? மிடி மொழி பிறக்கக் காரணமான இருவரில் ஒருவர் ஜப்பானின் இகுதாரோ காகேஹாஷி. இரண்டு வயதில் தாய் தந்தை இருவரையும் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். பதினாறு வயதில் கடிகாரம் ரிப்பேர் செய்யத் தொடங்கியவர், பிறகு ரேடியோ, பிறகு ரோலண்ட் என்ற கம்பெனி. மற்றவர் அமெரிக்காவின் டேவ் ஸ்மித். இருவரும் போட்டிக் கம்பெனிக்காரர்கள். 1983 ஜனவரியில் ஒருவர் கருவியை மற்றவர் கருவியோடு ஒரே ஒயரில் இணைத்துக் காட்டினார்கள். காசு கேட்காமல் அந்த மொழியை உலகத்துக்குக் கொடுத்தார்கள். அதற்காக 2013-ல் இருவருக்கும் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது. இன்றைக்கு நம் திண்ணையில் ஐந்நூறு ரூபாய் போர்டு அதே மொழியைப் பேசுகிறது என்றால், அந்தப் பெருந்தன்மைதான் காரணம்.

பக்கத்திலேயே பாருங்கள். இன்று பாட்டு வகுப்பு நடக்கும் வீடுகளில் ஒலிக்கும் எலக்ட்ரானிக் தம்புராவை 1970-களின் இறுதியில் உருவாக்கியவர் பெங்களூரின் ராஜ் நாராயண். பொறியாளர், கூடவே புல்லாங்குழல் வாசிப்பவர். தனக்குத் தேவைப்பட்டது, கடையில் இல்லை, செய்தார். பிறகு டிஜிட்டல் வீணையும் செய்தார். நம்ம ஏ.ஆர். ரஹ்மான் விரலை வழுக்கி வழுக்கி வாசிப்பாரே, காண்டினம் என்று ஒரு கருவி, கட்டையே இல்லாத விசைப்பலகை, அதைச் செய்தவர் லிப்போல்ட் ஹாகன் என்ற அமெரிக்கப் பேராசிரியர். இவர்களில் ஒருவரிடமாவது “கடையில் கிடைக்கிறதே” என்று சொல்லி யாராவது கையைப் பிடித்து நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இப்போது என் கோபத்துக்கான காரணத்தைச் சொல்கிறேன்.

திண்ணைக்கு வரும் பிள்ளைகளில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. தாத்தா கோயிலில் நாதஸ்வரம் வாசித்தவர். கோட்டுவாத்தியத்தில் கட்டையை வழுக்கி வாசிப்பதை வீடியோவில் பார்த்துவிட்டு அவளே ஒரு கருவி செய்தாள். ஒரு அடி நீளமுள்ள மரச் சட்டம். அதன்மேல் காகிதப் பட்டை. பட்டை முழுக்க 8பி பென்சிலால் அழுத்தித் தேய்த்த கரி. ஒரு முனைக்கு ஐந்து வோல்ட், மறு முனை தரை. விரலில் ஒயர் வைத்த பித்தளை மோதிரம். மோதிரம் கரியைத் தொடும் இடத்தின் வோல்டேஜ்தான் சுரம். விரல் வழுக்கினால் சுரமும் வழுக்கும். இடது கையில் ஒரு பொத்தான், சத்தத்தை எழுப்ப, நிறுத்த. அளவு ஆடிக்கொண்டே இருந்தது. எட்டு முறை அளந்து சராசரி எடுக்கக் கற்றுக்கொண்டாள். பத்து நிமிடம் வாசித்தால் கரி தேய்ந்துவிடும், மறுபடி பென்சில் போட வேண்டும். இருக்கட்டும். அதில் அவள் ஒரு சின்ன ஆலாபனை வாசித்தாள். கட்டைக் கருவியில் யாராலும் வாசிக்க முடியாத ஆலாபனை.

ஒரு கண்காட்சிக்கு அதைக் கொண்டுபோனாள். எந்தப் பள்ளி, எந்தக் கண்காட்சி என்று எழுதவில்லை. என் நோக்கம் அது இல்லை. நடுவர் பார்த்துவிட்டுச் சொன்னது: “கீபோர்டு கடையில கிடைக்குதேம்மா. இதுல புதுசா என்ன இருக்கு?” முதல் பரிசு, பெட்டியிலிருந்து எடுத்து ஸ்குரு முடுக்கிய ரோபோ காருக்குப் போனது. அந்தக் காரைக் கொண்டுவந்த பையனிடம் சென்சார் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். “தெரியாது சார், அது உள்ளே சீல் பண்ணியிருக்கு” என்றான். பாவம், அவன் மேல் குற்றமில்லை. அந்தப் பெட்டியை விற்றவர்கள் மேலும், அதைப் பார்த்து வாய் பிளந்த பெரியவர்கள் மேலும்தான் குற்றம்.

ஊர் ஊராகப் போய் ரோபாட்டிக்ஸ் வகுப்பு என்று மாதக் கட்டணம் வாங்குகிறார்களே, அதில் எத்தனை இடத்தில் பிள்ளைகள் ஒரு ரெசிஸ்டரைக் கையால் தொடுகிறார்கள்? செருகு, முடுக்கு, செல்போனில் பொத்தானை அழுத்து, போட்டோ எடு, சான்றிதழ் வாங்கு. அரசாங்கம் மட்டும் என்ன? நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறார்கள். நல்ல திட்டம். நன்றாக நடத்துகிற ஆசிரியர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் ஆய்வாளர் வரும் நாள் தவிர மற்ற நாளெல்லாம் கதவு மூடிய ஆய்வகத்தையும் நான் பார்த்திருக்கிறேன். பொருள் காணாமல் போனால் பொறுப்பு யார் என்ற பயம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, நமக்கெல்லாம் பெருமை. அந்தப் பூட்டைக் கொண்டுபோய் ஆய்வகக் கதவில் தொங்கவிடவா கொடுத்தார்கள்? பூட்டை அரத்தால் ராவி, லீவரைக் கையால் பொருத்திச் செய்த தொழிலாளியின் மாவட்டம் இது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்து செய்தவர்கள் அவர்கள்.

அந்தப் பெண் இப்போது ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. பரிசு வராததால் இல்லை. “பரிசுகூட வாங்காத வேலைக்கு ஏன் போறே, டியூஷன் போ” என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். பத்தாம் வகுப்பு முக்கியம்தான், நானும் ஆசிரியன்தான். ஆனால் வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தில் ஒரு பிள்ளையின் மதிப்பெண் கெடாது. மின்னழுத்தப் பகிர்வைப் பென்சில் கரியில் பார்த்தவளுக்கு ஓம் விதிக் கணக்கு எந்த டியூஷனிலும் இதைவிட நன்றாகப் புரியாது.

அவள் தாத்தாவையும் போய்ப் பார்த்தேன். அவர் சொன்ன காரணம் வேறு. “வாத்தியாரய்யா, கோயில்ல கரண்டுல ஓடுற மேளத்தை மாட்டிட்டாங்க. சுவிட்சைப் போட்டா மணியும் முரசும் தானா அடிக்குது. எங்களைக் கூப்பிடுறது திருவிழாவுக்கு மட்டும்தான். இப்போ என் பேத்தியே மெஷின் செஞ்சா நான் என்ன சொல்ல?” என்றார்.

இதுதான் எனக்கு வந்த கேள்விகளிலேயே கனமான கேள்வி. கடை விலை பேசுபவர்களுக்குப் பதில் சொல்வது சுலபம், இவருக்குச் சொல்வது சுலபம் இல்லை. அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். ஐயா, கோயில் மேள மெஷினுக்கு மனுஷக் கை வேண்டாம். மோட்டார் சுற்றினால் போதும், யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அடிதான் அடிக்கும். உங்கள் பேத்தி செய்தது நேர்மாறானது. விரல் படாவிட்டால் அது ஊமை. அதற்குத் தோடி தெரியாது, கல்யாணி தெரியாது. உங்களிடம் கற்றுக்கொண்டு வந்து அவள் விரல் வைத்தால்தான் பாடும். அந்தக் கருவி நன்றாக வர வேண்டுமானால், காந்தாரம் எவ்வளவு ஆடும், எங்கே நிற்கும் என்று சொல்ல நீங்கள் வேண்டும். கடைக் கருவிக்கு நீங்கள் வேண்டாம். உங்களைக் கேட்காமல்தான் அதைச் செய்தார்கள்.

அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. “அந்தக் குச்சியைக் கொண்டாரச் சொல்லுங்க, ஒரு தடவை கேட்டுப் பாக்குறேன்” என்றார். அதுவரைக்கும்தான் இப்போது வந்திருக்கிறது.

எனவே நான் கேட்பது மூன்று காரியங்கள்.

ஒன்று, கண்காட்சி நடுவர்களாகப் போகும் ஆசிரிய நண்பர்களே, இனி எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். திறந்து காட்டி இரண்டு நிமிடம் விளக்கத் தெரிந்த பிள்ளைக்கு மதிப்பெண் கொடுங்கள். திறக்கவே முடியாத பொருளைப் போட்டியில் சேர்க்காதீர்கள்.

இரண்டு, தலைமையாசிரியர்களே, ஆய்வகச் சாவியை வாரத்துக்கு ஒரு நாளாவது பிள்ளைகள் கையில் கொடுங்கள். ஒரு போர்டு எரிந்து போகும், இரண்டு ஒயர் காணாமல் போகும். சாக்பீஸ் தேய்வதில்லையா? அதுபோல் கணக்கெழுதுங்கள்.

மூன்று, பெற்றோர்களே, கடையில் கிடைக்கிறதே என்று சொல்வதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். பிள்ளை செய்வது கடையில் இருக்கும் அதே பொருள்தானா, இல்லை கடையில் இல்லாத ஒன்றா? அதே பொருள் என்றாலும் செய்யட்டும், கற்றுக்கொள்ளும். இல்லாத ஒன்று என்றால் தயவுசெய்து குறுக்கே நிற்காதீர்கள்.

ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை திண்ணை திறந்திருக்கும். பழைய ரேடியோ, கெட்டுப்போன சார்ஜர், உடைந்த ஸ்பீக்கர் எது இருந்தாலும் பழைய இரும்புக்காரரிடம் போடாமல் கொண்டுவந்து கொடுங்கள். என் முன்னாள் மாணவர்களில் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்கள் ஊருக்கு வரும்போது ஒரு ஞாயிறு எட்டிப் பாருங்கள். 8பி பென்சில் ஒரு பெட்டி வாங்கி வந்தால் இன்னும் நல்லது.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சொல்லலாம். விலைப் பட்டியலை மட்டும் அனுப்பாதீர்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், கன்னிவாடி